கொட்டேஷனில் ஒரு வரி

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருவெறும்பூரைத் தாண்டித் துவாக்குடியை நெருங்கும்போது, சாலையை ஒட்டியும் உள்ளே தள்ளியும் தகரக் கூரை வேய்ந்த நீண்ட கொட்டகைகள் தென்படும். இரும்புத் தகடுகளை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, தூண்களாகவும் உத்தரங்களாகவும் ஓர் ஆள் நிமிர்ந்து நடந்து போகக்கூடிய புகைவழிகளாகவும் உருமாற்றி லாரியில் ஏற்றி அனுப்புகிற பட்டறைகள் அவை; ஊர்ப் பேச்சில் 'ஃபேப்ரிகேஷன் ஷெட்' என்போம். அத்தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற ஒரே யோக்கியதையைக் கொண்டு, லாபமும் தர்மமும் ஒரு சிறு பட்டறையின் கூரைக்குக் கீழே எவ்வாறு சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன, அல்லது நடத்த இயலாமல் பிரிகின்றன என்பதைப் பற்றி எழுதத் துணிகிறேன். இவ்விஷயத்தைக் குறித்து மேடைகளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய ஸ்தாபனங்களைச் சேர்ந்தவர்களாகவே இருக்கிறார்கள். விலையை நிர்ணயிக்கும் சக்தி உள்ளவர்களுடைய தர்மசங்கடம் ஒரு விதம். பிறர் நிர்ணயித்த விலைக்கு உழைப்பவர்களுடைய தர்மசங்கடம் முற்றிலும் வேறு விதம்.

எங்கள் தொழிலுக்கு மூலஸ்தானம், 'பெல்' என்று எல்லோரும் அழைக்கும் பாரத மிகுமின் நிறுவனம். காமராஜர் ஆட்சியில் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது தீர்மானமாகி, செக்கோஸ்லோவாகிய நாட்டின் தொழில்நுட்ப உதவியோடு திருவெறும்பூர்ப் பொட்டலில் எழுந்த உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே துவாக்குடிக்கு மண்டலப் பொறியியற் கல்லூரி வந்துவிட்டது. 2003 முதல் அதன் பெயர் என்.ஐ.டி. பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975-இல் ஏற்பட்டது. அனல்மின் நிலையத்தின் கொதிகலன் என்பது பல மாடி உயரமுள்ள ஒரு கட்டடத்துக்கு நிகர். அதன் நுட்பமான அங்கங்களைத் தொழிற்சாலைக்குள்ளேயே செய்துகொண்டு, கனம் மிகுந்தும் நுட்பம் குறைந்தும் இருக்கிற மற்ற அங்கங்களை வெளியே கொடுத்துச் செய்விப்பது என்று ஏற்பட்டபோது, துவாக்குடியிலும் வாழவந்தான்கோட்டையிலும் மாத்தூரிலும் அரியமங்கலத்திலும் சிறு பட்டறைகள் முளைத்தன. தகடு அவர்களுடையது, வரைபடம் அவர்களுடையது, பரிசோதகரும் அவர்களுடையவர். எங்களுடையது கூலி மட்டுமே, டன்னுக்கு இவ்வளவு என்று.

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகத்தில் இயந்திரவியல் டிப்ளமோ முடித்துவிட்டு, சில காலம் பிறரிடம் வேலை பார்த்து, பிறகு தொழில் முதலீட்டுக் கழகத்துக் கடனோடு துவாக்குடியில் ஒரு ஷெட் எடுத்தேன். "பெருமாள் கோயில் வாசல்ல பொறந்துட்டு இரும்படிக்கப் போறியாடா?" என்று சித்தப்பா கேட்டார். ஆனால் முதன்முதலாக ஆயுத பூஜைக்கு வந்து, வெல்டிங் மெஷின்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பியவரும் அவர்தான். மற்றபடி என் சொந்தக் கதையில் வாசகருக்குப் பிரயோஜனமான விஷயம் அதிகமில்லை.

பட்டறை தொடங்கிய சில காலத்துக்கெல்லாம் என் மனத்தை உறுத்திய ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பல். அதை எரித்தால் வெளிவரும் புகையோடு மாவுபோன்ற சாம்பலும் பறந்து, மின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் கிணற்றிலும் கூரையிலும் மக்களின் சுவாசத்திலும் படியும். அதைத் தடுப்பதற்கென்றே 'ஈ.எஸ்.பி.' என்ற சாதனம் இருக்கிறது. உயர் மின்னழுத்தத்தால் தூசுக்கு மின்னேற்றம் ஊட்டி, எதிரே நிற்கும் தகடுகளில் ஒட்டச்செய்து, சுத்தியல்களால் அத்தகடுகளைத் தட்டித் தட்டிக் கீழேயுள்ள கூம்புகளில் விழச்செய்யும் யந்திரம் அது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தூசைப் பிடித்துவிடும். 1982-இல் இராணிப்பேட்டையில் பெல் நிறுவனம் தொடங்கிய பிரிவுக்கு இதுவே பிரதான உற்பத்தி. அதன் வெளிக்கூட்டையும் கூம்புகளையும் புகைவழிகளையும் எங்களைப் போன்றவர்கள் செய்து கொடுத்தோம். எங்கேயோ சந்திரபூரிலும் சிங்ரௌலியிலும் வசிக்கிற ஜனங்களின் சுவாசத்தைக் காப்பதற்கான பெட்டியை இங்கே செய்கிற மனிதன், அதைச் செய்யும்போது எந்தக் காற்றைச் சுவாசிக்கிறான் என்று கேட்பார் இல்லை. கிரைண்டிங் பொடி, வெல்டிங் ராடு புகை, பெயிண்ட் ஆவி மூன்றும் கலந்த காற்று அது.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது மணல்.

இரும்புக்குப் பெயிண்ட் அடிக்குமுன் அதன்மேலுள்ள துருவையும் உருக்காலைச் செதிலையும் முற்றிலும் நீக்கி, சாம்பல் நிறத்தில் பளபளக்கும் உலோகம் தெரியும்படி செய்ய வேண்டும். 'எஸ்.ஏ. இரண்டரை' என்று அதற்கு ஒரு தரம் உண்டு. பரிசோதகர் வர்ணப் படம் உள்ள புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்தத் தரத்தை எட்ட, அழுத்தப்பட்ட காற்றோடு மணலைக் கலந்து குழாய் வழியே பீய்ச்சி அடிப்பது வழக்கமாயிருந்தது. காவிரியும் கொள்ளிடமும் பக்கத்தில் இருக்க, மணலுக்கு என்ன பஞ்சம்? ஆனால் ஆற்று மணல் பெரும்பாலும் சிலிக்கா. இரும்பில் மோதிய முதல் அடியிலேயே அது நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத துகளாகிவிடுகிறது. அத்துகள் நுரையீரலின் அடித்தளம் வரை சென்று தங்கி, அங்கே தழும்பு உண்டாக்கி, சில ஆண்டுகளில் மனிதனை மூச்சுக்குத் திணற வைக்கிறது. சிலிகோசிஸ் என்ற அந்த வியாதிக்குத் தடுப்பு உண்டு, நிவாரணம் கிடையாது. பிரிட்டனில் வார்ப்படங்களை மணலால் அடித்துச் சுத்தம் செய்வதை 1949-லேயே சட்டத்தால் விலக்கிவிட்டார்கள். நம் தொழிற்சாலைச் சட்டம் 1948-ஆம் ஆண்டினது. அதிலேயே, அறிவிக்க வேண்டிய தொழில் வியாதிகளின் பட்டியலில் சிலிகோசிஸும் இடம்பெற்றது. பட்டியலில் இருப்பது ஒன்று, பட்டறையில் நடப்பது மற்றொன்று.

ஒருநாள் வேறொரு ஊரில் பிளாஸ்டிங் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் வேலை கேட்டு வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பத்தடி நடந்ததும் நின்றார். காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்களாம். முழுக் காலமும் சாப்பிட்டு முடித்தும் இருமல் போகவில்லை, மறுபடியும் அதே மாத்திரை. சிலிகோசிஸைக் காசநோய் என்று எண்ணி வைத்தியம் செய்வது நம் நாட்டில் அபூர்வமன்று என்பதை ஒரு மார்பு நோய் மருத்துவர் பிற்பாடு எனக்கு விளக்கினார். வேலை கேட்டு வந்தவருக்கு நான் காவல் வேலை கொடுத்தேன். அதிக காலம் அவர் இருக்கவில்லை. இதைப் பரோபகாரக் கதையாகச் சொல்ல வரவில்லை. பட்டறையில் மணலை நிறுத்துவது என்று நான் தீர்மானித்ததற்கு அவர் காரணம், அவ்வளவுதான்.

தீர்மானிப்பது சுலபம். மணலுக்குப் பதிலாக முதலில் கைக்கு எட்டியது தாமிரக் கசடு; தூத்துக்குடியில் தாமிரம் உருக்கியபோது மிஞ்சிய கருப்புப் பொடி. மணலைவிடச் சிலிக்கா அபாயம் அதில் மிகக் குறைவு. ஆனால் தூசு தூசுதான். அதையும் ஒருமுறை அடித்தால் எறிய வேண்டியதுதான், எறிய இடம் வேண்டும். ஓர் ஊரின் கழிவு இன்னோர் ஊரின் சுத்தத்துக்கு உபகரணமாக வருவதும், பிறகு அதுவே இந்த ஊரின் கழிவாகக் குவிவதும் எனக்குத் திருப்தி தரவில்லை. கடைசியில் எஃகுக் கிரிட்டுக்கு வந்து சேர்ந்தோம். அது மணலைவிடப் பல மடங்கு விலை. ஆயினும் நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். அதற்கு மூடிய அறை வேண்டும், சிதறிய கிரிட்டைச் சேர்த்து மேலே ஏற்றும் வாளித் தொடர் வேண்டும், தூசை உறிஞ்சிப் பைகளில் வடிகட்டும் யந்திரம் வேண்டும், உள்ளே நிற்பவருக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று போகும் தலைக்கவசம் வேண்டும். எங்கள் மேஸ்திரிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"சார், மணல்ல அடிச்சா அரை நாள்ல முடிச்சுத் தள்ளிடலாம். இந்த ரூமுக்குள்ள ஜாப்பைத் தள்ளி, வெளிய எடுத்து... கிரிட்டு தேயுதோ இல்லியோ, உங்க காசு தேஞ்சுடும்."

முதல் இரண்டு வருஷங்களில் மேஸ்திரி சொன்னதே பலித்தது. எங்களுக்கு டன் கணக்கில் கூலி. நான் புதிதாகச் செய்த செலவுகளில் ஒன்றாவது அந்த டன்னின் எடையைக் கூட்டவில்லை. பக்கத்து ஷெட்காரர் திறந்த வெளியில் ஆற்று மணலை அடித்து அனுப்பிய தூணும், நான் மூடிய அறையில் கிரிட் அடித்து அனுப்பிய தூணும் பரிசோதகரின் புத்தகத்துக்கு ஒன்றுபோலவே பளபளத்தன. பொருளில் தெரியாத வித்தியாசத்துக்கு விலையில் இடம் எப்படிக் கிடைக்கும்?

இந்தக் கேள்வியோடு திண்டாடிய காலத்தில்தான் ஜே. சி. குமரப்பாவின் எழுத்துக்களைப் படித்தேன். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பிறகு காந்தியடிகளிடம் போய்ச் சேர்ந்தவர் அவர். நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிய பிரசித்தமான நூலைச் சிறையில் இருந்தபடி எழுதினார். அவருடைய கிராமக் கைத்தொழில் சித்தாந்தம் முழுவதையும் ஏற்கிற மனநிலை, கொதிகலன் தூண் செய்து பிழைக்கும் எனக்கு எங்கிருந்து வரும்? ஆனால் அவர் அடிப்படையில் ஓர் ஆடிட்டர் என்பது என்னைக் கவர்ந்தது. ஒரு பண்டத்தின் விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன, எவையெவை பிறர் தலையில் கட்டப்பட்டிருக்கின்றன என்று அவர் கணக்குப் பிள்ளையின் கறார்த்தனத்தோடு கேட்கிறார். அவ்விதம் பார்த்தால், மணல் அடித்த தூண் மலிவானதன்று. அதன் விலையில் ஒரு பாகத்தை அடித்தவரின் நுரையீரல் செலுத்துகிறது, இன்னொரு பாகத்தைக் கொள்ளிடம் செலுத்துகிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனபோது, நிபுணர்கள் பல காரணங்களைச் சொன்னார்கள். ஆற்றில் அள்ளிய மணலைத்தான் எங்கள் ஊரார் முதலில் சொன்னார்கள்.

அதன் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். கொட்டேஷனில் பொருள் சுத்தம் செய்யும் கூலி என்று ஒரே தொகையாக எழுதுவதை விட்டு, 'தூசுக் கட்டுப்பாட்டுடன் மூடிய அறையில் கிரிட் பிளாஸ்டிங்' என்று தனி வரியாக எழுதி, அதற்கு எதிரே அதன் விலையையும் போட்டேன். தர்மத்தை வருஷக் கடைசியில் லாபத்திலிருந்து எடுத்துச் செய்வதைவிட, வருஷ ஆரம்பத்திலேயே விலைக்குள் வைத்துவிடுவது உசிதம் என்பது என் அபிப்பிராயம். எங்கள் தொழிற்பேட்டையில் தாராள மனசு படைத்தவர்களுக்குக் குறைவே இல்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் அன்னதானம் செய்கிறவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு மேஜை நாற்காலி செய்து கொடுப்பவர்கள் உண்டு. அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு அதிகாரமில்லை. ஆனால் அந்த அன்னதானத்துக்குப் போகும் லாபம், பட்டறையில் மாட்டாமல் விட்ட ஓர் எக்ஸாஸ்ட் விசிறியிலிருந்து மிச்சப்பட்டதாக இருந்தால், புண்ணியத்தை யார் கணக்கில் வரவு வைப்பது?

அந்த வரிக்குக் கிடைத்த முதல் மரியாதை, சிவப்பு மையால் ஒரு கோடு. நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி, சிரித்துக்கொண்டே அதை அடித்தார். "இதெல்லாம் உங்க உள் விவகாரம் சார். ரேட்டுக்குள்ளயே பாத்துக்குங்க. எனக்கு மத்த மூணு பேரோட கம்பேர் பண்ணணும், அவங்ககிட்ட இந்த லைன் இல்லையே." அவர் பேரில் தவறில்லை. 'எல்-ஒன்' எனப்படும் குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்பது பொதுப்பணத்தைச் செலவிடுவோருக்கு ஏற்பட்ட காவல். அதை மீறினால் தணிக்கையாளர் அவரைக் கேட்பார். பிற்காலத்தில் கம்ப்யூட்டரில் தலைகீழ் ஏலம் வந்தபோது, நாங்கள் ஒவ்வொருவரும் திரைக்கு முன் உட்கார்ந்து, முகம் தெரியாத சகதொழில்காரரைவிடக் கிலோவுக்குச் சில பைசா குறைத்துக்கொண்டே போனோம். அந்தச் சில பைசா எங்கிருந்து வருகிறது என்று திரை கேட்காது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை உதாரணம் காட்டி என்னிடம் பேசியவர்கள் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அந்த ஸ்தாபனம், பணம் கொடுக்கக்கூடியவர்களிடம் வாங்கி, கொடுக்க இயலாதவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்து, அப்படியும் கணக்கில் மிச்சம் காட்டுகிறது. லென்ஸின் விலை எட்டாததாயிருந்தபோது 1992-இல் 'அரோலேப்' தொடங்கி லென்ஸையும் தானே செய்துகொண்டது. லாபத்தையும் நோக்கத்தையும் ஒரே நெசவில் நெய்ததற்கு அதைவிட உத்தமமான சான்று தமிழ்நாட்டில் கிடையாது. ஆயினும் அதை அப்படியே எங்களுக்குப் பாடமாகச் சொல்வது பொருந்தாது. அவர்களிடம் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஒருவர் கொடுப்பதை மற்றவருக்கு ஈடுகட்டலாம். எங்கள் ஷெட்களில் பலவற்றுக்கு வாடிக்கையாளர் ஒருவரே. ஒரே வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு யாரிடம் வாங்கி யாருக்கு ஈடுகட்டுவது?

இனிப் பணம் வரும் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் இந்த விஷயம் முழுவதற்கும் அச்சாணி அதுதான். பொருள் முடிந்து, பரிசோதனை முடிந்து, அனுப்பும் அனுமதி கிடைத்து, லாரி போய், அங்கே இறக்கி ஏற்புச் சீட்டுப் போட்டு, பில் ஒரு மேஜையிலிருந்து மற்றொரு மேஜைக்கு நகர்ந்து பணம் கைக்கு வருவதற்குள், ஓவர்டிராஃப்ட் வட்டி தன் பங்கைத் தின்றுவிடும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும் என்று அழுத்தமாகச் சொல்கிறது. முறையிடுவதற்கு மன்றமும் உண்டு. ஆனால் அடுத்த ஆர்டருக்காக யாருடைய வாசலில் நிற்க வேண்டுமோ அவர்மீதே வழக்குப் போடும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? பணம் வராத மாதத்தில் முதலில் நிற்பது சம்பளம் என்று வெளியார் நினைப்பார்கள். சம்பளம் நிற்காது, சம்பளம் நின்றால் ஆள் நின்றுவிடுவார். தூசு உறிஞ்சியின் பை மாற்றுவது நிற்கும். முகமூடியின் வடிகட்டி வாங்குவது நிற்கும். யாரும் கேட்காத செலவு எதுவோ அது ஒத்திவைக்கப்படும். ஒத்திவைத்தது அடுத்த மாதமும் ஒத்திவைக்கப்படும். நல்ல உத்தேசம் படைத்த முதலாளியும் கெட்ட உத்தேசம் படைத்த முதலாளியும் ஒரே மாதிரியான பட்டறை நடத்தும்படி ஆவது இவ்வாறுதான். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்மூலம், குறு, சிறு தொழில்களுக்கு உரிய காலத்தில் கொடுக்காத பாக்கியை வாங்கியவர் அந்த வருஷத்து வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று ஒரு விதி வந்தது. பில் நகரும் வேகத்தில் அதன் பிறகு சற்று வித்தியாசம் தெரிந்தது. உபதேசம் செய்யாததை வரி செய்தது.

ஆள் எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பத்துப் பேர் வேலை பார்த்தால் ஈ.எஸ்.ஐ. பொருந்தும், இருபது பேரானால் பிராவிடண்ட் ஃபண்டும் வந்து சேரும். அதனால் தொழிற்பேட்டைகளில் எத்தனை பெரிய ஆர்டர் வந்தாலும் என்றைக்கும் ஒன்பது பேரே வேலை பார்க்கும் அதிசயப் பட்டறைகள் உண்டு. மற்றவர்களெல்லாம் 'காண்ட்ராக்ட்', அதாவது ஒரு மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருப்பவர்கள். இப்போது பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற பையன்கள் அந்த நோட்டில் இருக்கிறார்கள். கையில் தீக்காயம் பட்டால் அவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. 2019 ஜூலையில் ஈ.எஸ்.ஐ. சந்தாவில் முதலாளியின் பங்கை 4.75 சதவிகிதத்திலிருந்து 3.25 ஆகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகும் ஒன்பதைத் தாண்டாதவர்களைப் பற்றி, அவர்களுக்குச் சக்தி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

சுற்றுப்புறத்தைக் காப்பதெல்லாம் நஷ்டமே என்று எண்ணிவிட வேண்டாம். தகடு வெட்டுவதற்கு முன், எந்தத் துண்டை எந்த மூலையில் பொருத்தினால் கழிவு குறையும் என்று காகிதத்தில் வெட்டி வைத்துப் பார்ப்பேன். இப்போது அதைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. ஒரு டன் எஃகு உண்டாகும்போது ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியாகிறது என்பதை நினைத்தால், மிச்சப்படுத்திய துண்டு காசுமாகும், காற்றுமாகும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்களை விட்டு இன்வெர்ட்டர் மெஷின்களுக்கு மாறியபோது மின்சாரக் கட்டணம் கணிசமாக இறங்கியது. அந்தக் காலத்தில் தகடு வெட்டும் அசிட்டிலினைக் கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு நாங்களே உண்டாக்குவோம்; அதில் மிஞ்சும் வெள்ளைக் கசடைச் சுற்றுவட்டக் கிராமத்தார் வந்து வாளியில் அள்ளிப் போய் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். அவர்கள் அள்ளாதது பள்ளத்தில் ஓடியது. பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகரத்தின் சாக்கடையையெல்லாம் சுமந்துகொண்டு வரும் உய்யக்கொண்டான் கால்வாய் வந்து சேரும் இடம் எங்களுக்குப் பக்கத்து வாழவந்தான்கோட்டை ஏரி. சோழர் காலத்து வாய்க்கால் அது. அதன் கடைமடையில் உட்கார்ந்துகொண்டு பெயிண்ட் டப்பா கழுவிய தின்னரைத் தரையில் கொட்ட எனக்கு மனம் வராததற்குப் பக்தி காரணமன்று, அந்தத் தண்ணீரில் நெல் விளைகிறது.

தனி ஒருவன் இவ்வாறு இருப்பதில் ஓர் எல்லைக்குமேல் பிரயோஜனமில்லை என்பதைத் திருப்பூர் காட்டிற்று. நொய்யலில் சாயக் கழிவு கலப்பதை முன்னிட்டு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டபோது, ஒழுங்காக நடந்தவரும் நடவாதவரும் சேர்ந்தே நின்றார்கள். அதன் பிறகு, கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் பொறுப்பு எல்லோருக்கும் பொதுவாகக் கண்டிப்புடன் அமலானபோது, அந்தச் செலவும் எல்லோருடைய விலையிலும் ஏறிற்று. ஒருவர் செய்து மற்றவர் செய்யாததனால் வரும் அநியாயம் பெரும்பாலும் நீங்கிற்று. துவாக்குடியில் பறக்கும் தூசுக்கு நொய்யலைப்போல் நிறம் இல்லை. அதனால் வழக்கும் இல்லை.

எங்கள் விஷயத்தில் விதி வேறொரு விளையாட்டும் விளையாடிற்று. 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, தேசமெல்லாம் மின்சாரம் உண்டாக்குவதற்கான கொதிகலனின் அங்கங்களை டீசல் ஜெனரேட்டர் வைத்துக்கொண்டு செய்தோம். மின்வெட்டு தீர்ந்தபோது ஆர்டரும் தீர்ந்தது. நிலக்கரி நிலையங்கள் கட்டுவது குறைந்தது. சூரிய ஒளியும் காற்றும் மலிவாயின. நுரையீரலுக்கும் வானத்துக்கும் இது நல்ல செய்தி, சந்தேகமில்லை. ஆனால் சூரியனுக்குக் கொதிகலன் வேண்டியதில்லை. என்னோடு தொழில் தொடங்கியவர்களில் பலர் ஷெட்டைக் குடோனாக வாடகைக்கு விட்டார்கள்; பேர்பெற்ற வெல்டர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள், சிலர் ஆட்டோ ஓட்டினார்கள். 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களின் புகைக்குப் புதிய கட்டுப்பாடு வந்து, கந்தகத்தை நீக்கும் சாதனம் வைக்க வேண்டும் என்றபோது கொஞ்சம் உயிர் வந்தது. காலக்கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கடமையையே தளர்த்திவிட்டார்கள். சுற்றுச்சூழலை நம்பித் தொழில் நடத்துகிறவன் அரசாங்க கெஜட்டை நம்பித் தொழில் நடத்துகிறான் என்பதை அப்போது நன்றாக உணர்ந்தேன். காற்று சுத்தமாக வேண்டும் என்று விரும்புகிற அதே வாயால் ஆர்டர் வேண்டும் என்றும் பிரார்த்திக்கிற நிலைமைக்கு எனக்கு இன்றளவும் சமாதானம் கிடைக்கவில்லை.

இப்போது பட்டறையை நடத்துவது என் தங்கை மகள். கொதிகலன் வேலையோடு, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற ஒரு தனியார் நிறுவனத்துக்கு யந்திரச் சட்டங்கள் செய்து கொடுக்கிறாள். அவர்களுடைய ஆட்கள் முதல் தடவை வந்தபோது, தூணைப் பார்ப்பதற்கு முன்னால் பிளாஸ்டிங் அறையைப் பார்த்தார்கள், முகமூடி வாங்கிய பில்லைக் கேட்டார்கள், கழிவறைக்குள் எட்டிப் பார்த்தார்கள், ஈ.எஸ்.ஐ. அட்டைகளை எண்ணினார்கள். கடல் கடந்த வாடிக்கையாளர் தணிக்கை செய்கிறாராம். நாங்கள் வெகு காலமாகச் சுமந்த வரிக்கு, அதை எதிர்பார்த்து ஒருவர் வந்தது அப்போதுதான். அதற்குரிய தொகையை அவர்கள் அடிக்கவில்லை. மற்ற டெண்டர்களில் நிலைமை பழையபடியே. போன மாதம்கூட அவள் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "மாமா, இந்த ஒரு லைனை எடுத்துட்டா நாமதான் எல்-ஒன்."

"எடுக்கப் போறியாம்மா?"

"ஜாப்ல லாபத்தைக் குறைச்சுப் பார்த்தேன். அப்பவும் ரெண்டாவதாத்தான் வரோம். விட்டுட்டேன்."

அந்த ஆர்டர் வேறொருவருக்குப் போயிற்று. இதை அவளுடைய தியாகம் என்று நான் எழுதினால் அவளே சிரிப்பாள். ஏற்றுமதி வேலை கையில் இருந்ததனால் விட முடிந்தது. அது இல்லாதவரிடம் போய் அந்த வரியைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கு இல்லை.

பெரிய கம்பெனிகளுக்கு 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்தப் பணத்தில் குளம் தூர் வாருகிறார்கள், மரம் நடுகிறார்கள், பெயர்ப்பலகை வைக்கிறார்கள். எல்லாம் நல்ல காரியங்களே. அந்தக் கம்பெனிகளின் கொள்முதல் இலாகாக்களுக்கு எங்கள் தொழிற்பேட்டையின் சார்பில் ஒரு விண்ணப்பம் மட்டும் வைத்துக்கொள்கிறேன். தூசுக் கட்டுப்பாட்டையும் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் டெண்டரில் எல்லோருக்கும் பொதுவான நிபந்தனையாகப் போடுங்கள்; அதற்கென்று ஒரு வரி ஒதுக்கி, அதை விலைப் போட்டியிலிருந்து விலக்கி வையுங்கள்; வந்து நேரில் பாருங்கள்; பணத்தை 45 நாளில் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.